புதைத்த மொழி

பிணம் இல்லை, பெட்டி உண்டு. இழவு விழவில்லை, அடக்கம் நடக்கிறது. கொடிக்கம்பத்தின் அருகே குழி வெட்டியாகிவிட்டது. வரிசையாக நிற்கிறார்கள் பள்ளிப் பிள்ளைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு காகிதத் துண்டு. போடச் சொல்கிறார்கள் ஆசிரியர்கள். போடுகிறார்கள் பிள்ளைகள். மூடுகிறார்கள் பெட்டியை, தள்ளுகிறார்கள் மண்ணை. அடக்கம் செய்யப்பட்டவர் யார் தெரியுமோ? 'திருவாளர் ஸ்பானிஷ்'! அந்தப் பிள்ளைகளைத் தாலாட்டி வளர்த்த தாயின் மொழி!

கட்டுக்கதை அல்ல, தோழர்களே! அமெரிக்க நாட்டின் டெக்ஸாஸ் மாநிலத்திலே, மார்ஃபா எனும் சிற்றூரிலே, பிளாக்வெல் பள்ளியிலே, 1954-ஆம் ஆண்டு நடந்தது இது. மெக்சிக மரபினரின் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பள்ளி அது. வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. பள்ளி எல்லைக்குள் இனி ஆங்கிலமே ஒலிக்கவேண்டும் என்பதுதான் அந்த அடக்கத்தின் பொருள். மீறிப் பேசிய பிள்ளைகள் அடிபட்டதை, அங்கே படித்து முதியவரானவர்கள் பிற்காலத்திலே எடுத்துக் கூறினர். 1965-இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது.

பெட்டியைப் புதைத்துப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1971-ஆம் ஆண்டு. கலிபோர்னியா மாநிலத்திலே, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த கல்வர் சிட்டி எனும் ஊரிலே வேறொரு காட்சி. ஐந்து வயதுக் குழந்தைகள், ஆங்கிலம் ஒன்றே அறிந்த குழந்தைகள், முதன்முதலாகப் பள்ளிப் படியேறுகிறார்கள். வரவேற்பு ஸ்பானிய மொழியிலே! உட்காரச் சொல்வதும் அம்மொழியிலே. கதையும் கணக்கும் பாட்டும் விளையாட்டும் அம்மொழியிலே! பெற்றோர் கொதித்தெழுந்தனரா? இல்லை, அவர்கள்தாம் விரும்பிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள். இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களிலே இத்தகைய வகுப்புகள் உண்டு. யூட்டா மாநிலம் 2008-இல் சட்டமியற்றியே இவற்றை வளர்த்தது. பல ஊர்களிலே கேட்பவர் பலர், இடம் சில என்பதால், குலுக்கல் போட்டுப் பிள்ளைகளை எடுக்கிறார்கள்.

ஒரு பிள்ளை பேசினால் குற்றம். அதே சொல்லை மற்றொரு பிள்ளை பேசினால் கைதட்டல்! மொழி மாறவில்லை. பேசும் வாய் மாறிற்று, அவ்வளவே. 'என் பிள்ளை ஸ்பானிய மொழி வகுப்பிலே படிக்கிறது, நான் எவ்வாறு துணை நிற்பது?' என்று அந்நாட்டுப் பெற்றோர் இன்று கேட்கிறார்கள். எளிய கேள்விபோலத் தோன்றும். ஆனால் கொடிக்கம்பத்தடியிலே கிடந்த அந்தப் பெட்டியை மறந்துவிட்டு அதற்கு விடை சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

வகுப்பினுள்ளே நடப்பது என்ன என்பதை முதலிலே பார்ப்போம். ஒரு மொழியைத் தனிப்பாடமாக, நாளுக்கு அரைமணி என்று ஊட்டுவது பழைய முறை. இதுவோ, அம்மொழியை நீராக்கி, அதிலே பிள்ளையைத் தோய விடுவது. தோய்முறைக் கல்வி எனலாம். முழுத்தோய்வு என்றால், மழலையர் வகுப்பிலே ஏறத்தாழ எல்லாப் பாடமும் புதுமொழியிலே நடக்கும். ஆண்டு ஏற ஏற ஆங்கிலத்தின் பங்கு கூடும். அரைத்தோய்வு என்றால் பாதிக்குப் பாதி. இம்முறைக்கு முன்மாதிரி கனடா நாட்டிலே கிடைத்தது. மாண்ட்ரியால் நகரை அடுத்த செயின்ட் லாம்பர்ட் ஊரிலே, ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் கூடிப் போராடி, 1965-இல் தம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மொழி மழலையர் வகுப்பைத் தொடங்க வைத்தனர். மக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் அவர் துணைவர்களும் அந்தப் பிள்ளைகளை ஆண்டுதோறும் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஊர்ப்பெயரும் அறிஞர் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயலே!

அவ்வகுப்பிலே ஆசிரியர் ஸ்பானிய மொழியை விட்டு இறங்குவதில்லை. ஆனால் பிள்ளையை விட்டும் விலகுவதில்லை. 'உட்கார்' என்று சொல்லும்போதே உட்கார்ந்து காட்டுவார். ஆப்பிளைச் சொல்லும்போது ஆப்பிளை எடுத்துக் காட்டுவார். அதே பாட்டு, அதே வரிசை, அதே வணக்கம் நாள்தோறும் வரும். சொல் புரியாவிட்டாலும், அடுத்து வருவது என்ன என்பது பிள்ளைக்குப் புரியும், அச்சம் தணியும். பிள்ளை ஆங்கிலத்திலே விடையளிக்கலாம். அடியில்லை, அபராதம் இல்லை. ஆசிரியர் அந்த விடையையே ஸ்பானிய மொழியிலே திருப்பிச் சொல்லி ஏற்றுக்கொள்வார். முதலிலே பிள்ளைக்கு வசப்படும் முழுத் தொடர்களுள் ஒன்று எது தெரியுமோ? 'புவேதோ இர் அல் பான்யோ?' — 'நான் கழிப்பறைக்குப் போகலாமா?' இலக்கணமும் இலக்கியமும் பின்னர் வரட்டும்; ஐந்து வயது உடலின் அவசரம் அவற்றுக்காகக் காத்திராதன்றோ!

பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள், பிள்ளை புதுமொழியிலே வாய் திறவாதிருக்கும். பெற்றோரை வாட்டுவது இந்த மௌனம். 'மாதம் மூன்றாயிற்று, ஒரு சொல்கூடச் சொல்ல மறுக்கிறானே!' என்று மருள்கிறாள் தாய். மருள்வதற்கு ஒன்றுமில்லை. தொட்டிலிலே கிடந்த நாளிலே அக்குழந்தை ஏறத்தாழ ஓராண்டு தன் தாயின் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் கிடந்தது. அன்று 'பேசு, பேசு' என்று அவள் உலுக்கவில்லை. இன்று மட்டும் உலுக்குவானேன்?

இங்கே ஒரு தோழர் எழுந்து நிற்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. 'இது என்ன வேடிக்கை! 1938-இலே கட்டாய இந்தியை எதிர்த்து, தாளமுத்துவையும் நடராசனையும் பறிகொடுத்து, 1965-இலே மாணவர் இரத்தம் சிந்தி, 1968-இலே இருமொழிக் கொள்கை கண்ட நாட்டிலே இருந்துகொண்டு, பச்சைக் குழந்தையைப் புரியாத மொழியிலே போட்டு எடுப்பதை நல்லதென்று எழுதுவதா? திணிப்பு திணிப்புத்தானே?' என்கிறார் அவர். கேட்க வேண்டிய கேள்விதான், தட்டிக்கழிக்கக் கூடாது.

திணிப்பு என்றால் என்ன? புதுமொழி ஒன்றைக் கற்பித்ததையா எதிர்த்தோம்? ஆங்கிலத்தை நாமே விரும்பி வைத்துக்கொண்டோமே! வேண்டுமா வேண்டாவா என்று கேளாமல், ஆட்சியின் கையிலிருந்து வந்தது அந்த மொழி; வந்தபின் நம் மொழியின் இடம் குறையும் என்ற நிலையிலே வந்தது. எதிர்த்தது அதனை. கல்வர் சிட்டிப் பிள்ளையின் நிலையோ வேறு. அவன் வீட்டிலே ஆங்கிலம், கடைத்தெருவிலே ஆங்கிலம், மன்றத்திலே, நீதிமன்றத்திலே, திரையிலே ஆங்கிலம். ஆண்டுக்கணக்கிலே ஸ்பானிய மொழியிலே தோய்ந்தாலும் அவனுடைய ஆங்கிலத்துக்கு அழிவு இல்லை. ஏனெனில் அது ஆளும் மொழி. செயின்ட் லாம்பர்ட் பிள்ளைகளும் தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பிலே சற்றுப் பின்தங்கியிருந்து, ஆங்கிலப் பாடம் தொடங்கிய பிறகு தம் வயதினரை எட்டிப் பிடித்தனர். அதனாலேயே வாலஸ் லாம்பர்ட், உள்ள மொழியோடு மற்றொன்றைச் சேர்க்கும் இருமொழிமை ஒரு வகை, உள்ளதைக் கழித்துவிட்டு மற்றொன்றைத் தரும் இருமொழிமை வேறு வகை என்று பிரித்துக் காட்டினார். முன்னது கூட்டல், பின்னது கழித்தல். கல்வர் சிட்டியிலே நடந்தது கூட்டல். மார்ஃபாவிலே நடந்தது கழித்தல். தமிழிலே பேசினால் அபராதம் விதிக்கும் ஆங்கிலப் பள்ளிகள் நம் ஊர்களிலே உண்டே, அவை எந்தக் கணக்கைச் செய்கின்றன என்பதை அந்தத் தோழரே பார்த்துக்கொள்ளட்டும். தோய்தல் வேறு, மூழ்கடித்தல் வேறு.

ஆயினும் தோழரின் கேள்வியிலே ஒரு முள் எஞ்சி நிற்கிறது. பெற்றோர் விரும்பினர், சரி. பிள்ளையைக் கேட்டார்களா? கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. ஐந்து வயதிலே 'எனக்கு ஸ்பானிய மொழி வேண்டும்' என்று எந்தக் குழந்தை விண்ணப்பம் போடும்? ஆனால், எண்ணிப் பார்த்தால், தாய்மொழியைக்கூட எவரும் தேர்ந்தெடுத்ததில்லை. பெயரையும் தேர்ந்தெடுத்ததில்லை, ஊரையும் தேர்ந்தெடுத்ததில்லை. பிள்ளைக்காகப் பெரியவர் முடிவு செய்வதைத் தவிர்க்க முடியாது. ஆகவே இதிலே அறத்தைத் தேடவேண்டிய இடம் வேறு: செய்த முடிவு பிள்ளையின் நன்மைக்கா, பெற்றவர் பெருமைக்கா? தவறாகிவிட்டால் திரும்பும் வழி திறந்திருக்கிறதா? பெருமைக்கென்று சேர்த்தவர், பிள்ளை உண்மையிலேயே தவிக்கும்போதும் திரும்பமாட்டார். ஊரார் முன்னே சொன்ன சொல் அவரைக் கட்டிப்போடும். காது மந்தமான பிள்ளை, தன் வீட்டு மொழியிலேயே சொல் திருந்தாத பிள்ளை என்று இருப்பர். அவர்களையும் இத்தகைய வகுப்பிலே வைத்து வளர்க்கலாம். ஆனால் தக்கவரிடம் காட்டி, இரு மொழியிலும் சோதித்துப் பார்த்து, பள்ளி தரும் உதவி போதுமா என்று அறிந்த பிறகே வைக்கவேண்டும். 'எல்லாம் போகப்போகச் சரியாகும்' என்பது குருட்டு நம்பிக்கை. கோயில் வாசலில் மட்டுமா குருட்டு நம்பிக்கை குடியிருக்கிறது? படித்தவர் வீட்டுப் பிள்ளை வளர்ப்பிலும் நிரம்ப உண்டு.

சேர்த்தாயிற்று. இனி வீட்டிலே செய்யவேண்டியது என்ன?

பெற்றோர் செய்யும் முதல் வேலை, நல்ல எண்ணத்தோடு செய்யும் கெட்ட வேலை, குழந்தையைக் காட்சிப் பொருளாக்குவது. விருந்தினர் வந்து அமர்ந்ததும், 'எங்கே, மாமாவுக்கு ஸ்பானிய மொழியிலே ஏதேனும் சொல்லிக் காட்டு' என்பது. குழந்தை நெளிகிறது. மொழி என்பது யாரிடமாவது எதையாவது சொல்வதற்கு உரியது. எதிரே இருப்பவருக்கு அம்மொழி தெரியாது, சொல்வதற்குச் செய்தியும் இல்லை. பிறகு ஏன் சொல்லவேண்டும்? குழந்தையின் தயக்கத்திலே இருக்கும் பகுத்தறிவு, கேட்பவரின் ஆவலிலே இல்லை! மாலையிலே வந்ததும் 'இன்று என்ன சொல் கற்றாய்? இதற்கு என்ன சொல்? அதற்கு என்ன சொல்?' என்று குறுக்கு விசாரணை செய்வதும் இதன் தம்பிதான். நாள் முழுதும் புரியாத ஒலிகளிலிருந்து பொருளைத் தோண்டி எடுத்துக் களைத்து வருகிறது குழந்தை. புதுமொழியிலே நாளைக் கழிப்பது உடலுழைப்புக்கு ஈடான உழைப்பு. வீடு அதற்கு இளைப்பாறும் நிழலாக இருக்கவேண்டும்; இரண்டாம் பள்ளியாக இருக்கலாகாது.

'நமக்கோ ஸ்பானிய மொழி தெரியாது. அரைகுறையாகவேனும் கற்று வீட்டிலும் அதையே பேசினால் பிள்ளைக்கு உதவியாகுமே' என்று எண்ணுவோரும் உளர். கற்கட்டும், நல்லது. ஆனால் அந்த அரைகுறை மொழியை வீட்டு மொழியாக்குவது, வளமான வயலைத் தரிசாகப் போட்டுவிட்டுப் பூந்தொட்டியிலே நெல் விதைப்பது போன்றது. தாய் தனக்கு முழுமையாக வரும் மொழியிலே கதை சொல்லும்போது, அதிலே ஆயிரம் நுணுக்கம் இருக்கும்: ஏன், எப்படி, அப்படியிருந்தால், அதற்கு முன்னே, அதனால்தான் என்று எண்ணத்தைக் கோத்துக் காட்டும் கயிறுகள் இருக்கும். அந்தக் கயிறுகளைப் பிடித்துத்தான் குழந்தை மற்ற மொழியிலும் ஏறுகிறது. கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் விளக்கிய கருத்து இது: ஒரு மொழியிலே வேரூன்றிய அறிவு மற்றொரு மொழிக்கும் பயன்படும், இரண்டுக்கும் அடிநிலம் ஒன்று. மணிக்கணக்கு என்றால் என்ன என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்ட பிள்ளை, மற்ற மொழியிலே அதற்குரிய சொல்லை மட்டும் கற்றால் போதும். மணிக்கணக்கையே மறுபடி கற்கவேண்டியதில்லை.

ஆகவே, வகுப்பிலே வண்ணத்துப்பூச்சியைப் பற்றிய பாடம் நடக்கிறதென்று தெரிந்தால், வீட்டிலே வண்ணத்துப்பூச்சியைப் பற்றி வீட்டு மொழியிலே பேசலாம்; தோட்டத்திலே புழுவைத் தேடலாம்; இரவிலே வீட்டு மொழிப் புத்தகத்தை மடியிலே விரித்துப் படித்துக் காட்டலாம். மறுநாள் ஆசிரியர் ஸ்பானிய மொழியிலே கூட்டுப்புழுவைப் பற்றிச் சொல்லும்போது குழந்தைக்குச் சொல் புதிது, பொருள் பழையது. பாதிச் சுமை குறைந்தது! இதைவிடப் பெரிய துணையை எந்தத் தனிப்பயிற்சியும் தந்துவிடாது.

அமெரிக்காவிலே குடியேறிய தமிழர் இல்லங்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். பிள்ளையை ஸ்பானிய வகுப்பிலே சேர்க்கும் தமிழ்த்தாய், 'தெருவிலே ஆங்கிலம், பள்ளியிலே ஸ்பானியம், இதற்குமேல் தமிழ் வேறா? குழம்பிப் போகாதா?' என்று அஞ்சி, மூன்றிலே ஒன்றைக் கைவிட நினைப்பாளானால், கைவிடப்படுவது எது? தமிழாகத்தான் இருக்கும். பள்ளியும் தெருவும் மற்ற இரண்டையும் காத்துக்கொள்ளும். தமிழைக் காக்க அந்த வீட்டைத் தவிர அங்கே நாதி யார்? அவள் அஞ்ச வேண்டியதில்லை. தமிழிலே கதை கேட்கும் பிள்ளை ஸ்பானிய வகுப்புக்கு வெறுங்கையோடு போவதில்லை.

எழுத்திலே பெற்றோர் சிறிது கைகொடுக்கலாம். ஸ்பானிய எழுத்து நேர்மையானது. ஏறத்தாழ எழுதியபடியே ஒலிக்கும். உயிரொலி ஐந்தே, நம் அ, எ, இ, ஒ, உ போன்றவை. ம, மெ, மி, மொ, மு என்று அசையசையாகத்தான் அவர்களும் வாசிக்கக் கற்பிக்கிறார்கள். தமிழ் அரிச்சுவடி கண்டவர்க்கு வியப்பிராது. ஆங்கிலத்திலே வாய்விட்டுச் சொல்லும் 'ஹ' எழுத்து அங்கே ஊமை. 'ஜ' என்று எண்ணும் எழுத்தோ 'ஹ' என்று ஒலிக்கும். இத்தனையும் ஒரு வாரத்திலே கற்கலாம். கற்றபின், பொருள் தெரியாவிட்டாலும் பிள்ளையின் அருகே அமர்ந்து கேட்கலாம். 'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எனக்குச் சொல்லேன்' என்று பிள்ளையிடமே கேட்கலாம். அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்வதிலே உள்ள இன்பத்தை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும். அது காட்சிப் பொருளாவது அன்று. அங்கே சொல்வதற்குச் செய்தி இருக்கிறது, கேட்பவருக்குத் தேவையும் இருக்கிறது.

காலத்தையும் கொடுக்கவேண்டும். ஓராண்டு பார்த்துவிட்டு 'பேச்சு வரவில்லை' என்று எடுத்துவிடுவது, முளைத்ததா என்று விதையைத் தோண்டிப் பார்ப்பதாகும். ஆரம்பப்பள்ளிப் படிப்பு முழுவதும் தொடர்வதே இம்முறையின் திட்டம். அப்போதும் பேச்சிலே பிழை இருக்கும். பிரெஞ்சுத் தோய்முறை மாணவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985-இல் காட்டியது இதனையே: கேட்டுப் புரிந்துகொள்வதிலே அவர்கள் மிகச் சிறந்து விளங்கினர், பேச்சிலும் எழுத்திலும் அந்த அளவுக்கு உயரவில்லை. கேட்டால் மட்டும் போதாது, பேசவேண்டும். பேசுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்ற கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

அதற்கு முன்னர், இந்தத் துறையிலே உலவும் இரு மூடநம்பிக்கைகளைப் பற்றி ஒரு சொல். அன்னிய மொழி பிஞ்சு மூளையைக் கெடுக்கும் என்பது ஒன்று. நெப்ராஸ்கா மாநிலம் 1919-இலே, எட்டாம் வகுப்பைக் கடக்காத பிள்ளைக்கு எந்த அயல்மொழியையும் கற்பிக்கலாகாது என்று சட்டமே செய்தது. முதல் உலகப் போரை ஒட்டிய வெறுப்பு. ஜெர்மன் மொழிமீது குறி. பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியிலே வாசிக்கக் கற்பித்த ராபர்ட் மேயர் எனும் ஆசிரியருக்கு 25 டாலர் தண்டம் விதித்தார்கள். அவர் பணியவில்லை. 1923-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது. மற்றொரு பக்கம், குடியேறி வந்தவர்களுக்கு அவர்கள் அறியாத ஆங்கிலத்திலே அறிவுச்சோதனை வைத்து, குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி, இருமொழி பேசுவோர் மந்தபுத்தியினர் என்று எழுதிய 'அறிவியல்' ஏடுகளும் அந்நாளிலே உண்டு!

1962-இலே எலிசபெத் பீல் என்பாரும் வாலஸ் லாம்பர்ட்டும் மாண்ட்ரியால் பிள்ளைகளை ஆராய்ந்து, இருமொழி அறிந்தவர் பின்தங்கவில்லை, முந்தியே நின்றனர் என்று காட்டினர். உடனே தராசு மறுபக்கம் சாய்ந்தது. இன்று, இரு மொழி கற்றால் மூளை கூர்மையாகும், கவனம் பெருகும், முதுமையிலும் மறதி வாராது என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆராய்ச்சியாளரிடையே இதிலே கருத்து வேறுபாடு பலமாக இருக்கிறது. பல ஆய்வுகளிலே அந்த நன்மை தென்படவே இல்லை. தாயத்துக் கட்டினால் படிப்பு வரும் என்பவனைப் பார்த்துச் சிரிக்கும் நாம், மொழியைத் தாயத்தாக விற்பவனை மட்டும் நம்பலாமா? ஸ்பானிய மொழி கற்றால் ஸ்பானிய மொழி வரும். அந்த நாட்டிலே 4 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வீட்டிலே பேசும் மொழி அது. அம்மக்களோடு பேசமுடியும். இது போதாதா?

போதும். ஆனால் இங்கேதான் இடறுகிறது. பேசவேண்டிய அந்த மக்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?

சில பள்ளிகளிலே அதே வகுப்பிலேயே இருக்கிறார்கள். 1963-இல் மயாமி நகரத்துக் கோரல் வே பள்ளியிலே, கியூபாவிலிருந்து அடைக்கலம் வந்த குடும்பத்துப் பிள்ளைகளையும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளையும் கொண்டு, இரு மொழியிலும் பாடம் நடத்தத் தொடங்கினர். அவன் மொழி இவனுக்கு, இவன் மொழி அவனுக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் நல்ல ஏற்பாட்டின் உள்ளேயும் ஆதிக்கம் புகுந்துகொள்ளும் என்று 1997-இலே எச்சரித்தார் குவாடலூப் வால்டேஸ் எனும் பேராசிரியை. ஆங்கிலப் பிள்ளைக்குப் புரியவேண்டுமென்று ஆசிரியர் தம் ஸ்பானிய மொழியை எளிதாக்கிக் கொண்டே போனால், அம்மொழியை வீட்டிலிருந்து நிறைவாகக் கொண்டுவந்த பிள்ளைக்கு என்ன வளர்ச்சி? அவன் தன் மொழியிலே மேலே ஏறவேண்டிய வேளையிலே, பிறருக்கு ஏணியாக நிற்கிறான். ஆங்கிலப் பிள்ளை நான்கு சொல் சொன்னால் பாராட்டு. அவன் ஆங்கிலமும் கற்றுத் தன் மொழியும் பேசினால், அது கடமை!

கலிபோர்னியாவின் சட்டத்திலேயே இந்த ஓரவஞ்சனை எழுத்திலே இருந்தது. 1998-இல் அம்மாநில வாக்காளரில் நூற்றுக்கு 61 பேர் ஆதரித்து, 227-ஆம் முன்மொழிவு சட்டமாயிற்று. ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலேயே கற்பிக்கவேண்டும் என்றது அது. விலக்கு வேண்டும் பெற்றோர் எழுதிக் கேட்கலாம். யாருக்கு விலக்கு? முதலாவதாகச் சொல்லப்பட்டவர்கள், ஏற்கெனவே ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள்! ஆங்கிலம் அறிந்தவன் ஸ்பானிய மொழியிலே படிக்க வழி உண்டு. ஸ்பானிய மொழி பேசும் வீட்டுச் சிறுபிள்ளை, தனக்குத் தனித்தேவை உண்டென்று காட்டி, அதற்கு முன்னே ஆங்கில வகுப்பிலே 30 நாள் இருந்தும் தீரவேண்டும். 2016-இலே 58-ஆம் முன்மொழிவு அந்தக் கட்டை நீக்கியது. அதற்கு நூற்றுக்கு 73-க்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். இடையிலே கழிந்த பதினெட்டு ஆண்டுகளிலே பள்ளிக்குச் சென்று முடித்துவிட்ட தலைமுறைக்கு யார் என்ன ஈடு தருவது?

ஆகவே, 'என் பிள்ளைக்கு எவ்வாறு துணை நிற்பது?' என்று கேட்கும் ஆங்கில வீட்டுப் பெற்றோரிடம், புத்தகம் படித்துக் காட்டுங்கள், மௌனத்தைப் பொறுத்திருங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய பிள்ளைக்குப் பேச ஆள் வேண்டும். அந்த ஆள் பக்கத்து இருக்கையிலே இருக்கிறான். அவன் பெயர் ஹூலியோ என்றால், அவனை 'ஜூலியோ' ஆக்காமல் ஹூலியோ என்றே அழைக்கப் பழக்குவதிலே தொடங்கலாம். அவன் பாட்டி பேசும் மெக்சிகச் சிற்றூர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு, 'எங்கள் புத்தகத்திலே அப்படி இல்லையே' என்று தம் பிள்ளை உதட்டைப் பிதுக்கினால், அங்கேயே திருத்தவேண்டும். புத்தகம் பிறக்கும் முன்பே பிறந்த பேச்சு அது. கலிபோர்னியாவின் 1849-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், மாநிலச் சட்டங்களை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வெளியிட வேண்டும் என்றது. 1879-இலே அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஹூலியோவின் மொழி விருந்தாளியாக வந்ததன்று என்பதைப் பிள்ளைக்கு வயது வரும்போது சொல்லித்தரலாம்.

இவை வீட்டுக்குள் செய்யக்கூடியவை. பள்ளியிலும் செய்ய இருக்கிறது. குலுக்கலிலே இடம் ஒதுக்கும்போது, ஸ்பானிய மொழி பேசும் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு எவ்வளவு? விண்ணப்பத்தாள் எந்த மொழியிலே, எந்த நேரத்திலே, யார் கைக்குக் கிடைக்கிறது? இரவு வேலைக்குப் போகும் தாய்க்கு அந்தச் செய்தி எட்டுகிறதா? செல்வர் குடியேறக் குடியேற வாடகை ஏறி, எந்த மக்களின் மொழிக்காகப் பள்ளி புகழ்பெற்றதோ அந்த மக்களே அந்தத் தெருவை விட்டுப் போக நேர்ந்தால், வகுப்பிலே மிஞ்சுவது யார்? இந்தக் கேள்விகளை ஸ்பானிய வீட்டுத் தாய் கேட்டால், கேட்பதற்கே அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஆங்கில வீட்டுத் தாய் கேட்டால், அன்றே தலைமையாசிரியர் எழுந்து விடை சொல்வார். சமன் இல்லாத இடத்திலே வலிமை உடையவன் வாய் மூடியிருப்பது நடுநிலைமை ஆகாது.

மார்ஃபாவின் பிளாக்வெல் பள்ளியிலே படித்த முன்னாள் மாணவர்கள், 2007-இலே ஒன்றுகூடி, புதைத்த மொழியை மீட்பதற்கு அடையாளமாக, ஸ்பானிய அகராதி ஒன்றை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தனர். இடிந்துபோகாமல் அவர்கள் காத்த அந்தக் கட்டடம், 2022-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2024-இலே நாட்டின் வரலாற்றுச் சின்னமாயிற்று. பிரம்புக்குப் பயந்து நின்ற பிள்ளைகள், பேரன் பேத்தி எடுத்த பிறகு செய்தது அது.

இப்போது ஏதோ ஓர் ஊரிலே, ஸ்பானிய மொழி வகுப்புள்ள பள்ளியிலே, பெற்றோர் கூட்டம் நடக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பேசுவது ஆங்கிலத்திலே, பின்வரிசையிலே நாலைந்து தாய்மார் காதிலே கருவியை மாட்டிக்கொண்டு, மொழிபெயர்ப்பைப் பாதி கேட்டும் பாதி விட்டும் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தை ஸ்பானிய மொழியிலே நடத்துங்கள் என்று ஆங்கில வீட்டார் ஒருவர் எழுந்து கேட்கலாம். அன்று அவர் காதிலே கருவி இருக்கும். பிள்ளை நாள் முழுதும் வகுப்பிலே எப்படி அமர்ந்திருக்கிறது என்பது அவருக்கும் ஒரு மணிநேரம் தெரியும்.